கல்யாண உறுதிமொழியின் நான்காவது வரி

மாடி அறையில் மௌனமாக வீற்றிருக்கும் மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

கீழ்வீட்டிலிருந்து உங்கள் மனைவியின் ஒரே தங்கை, வயது பதினைந்து, வீட்டில் வழங்கும் பெயர் வாலு, வாலைச் சுருட்டிக்கொண்டு எழுதுவது. இங்கே அப்பா நலம், அம்மா நலம். நான் நலமாக இல்லை. நீங்கள் நலமாக இல்லாததற்கும் நானே காரணம் என்பதால் உங்கள் நலத்தை விசாரிக்கவும் கூச்சமாக இருக்கிறது. பதினேழு படி ஏறி வந்து நேரிலேயே சொல்லியிருக்கலாம். நான்கு முறை ஏறினேன். நான்கு முறையும் பன்னிரண்டாவது படி வந்ததும் கால் யோசிக்க ஆரம்பித்து, தானாகவே இறங்கிவிட்டது. நீங்களும் இப்போதெல்லாம் எழுதித்தானே பேசுகிறீர்கள், நானும் எழுதியே பேசிவிடுகிறேன்.

காலையில் என் கையில் ஒரு சீட்டுக் கொடுத்தீர்களே, "சங்கீத மன்றச் செயலாளருக்குப் போன் செய். குரல் போய்விட்டது, சனிக்கிழமை வேறு ஆளைப் பாடச் சொல்லட்டும். நாளைப் பத்து மணிக்குள்" என்று, அந்தப் போனை நான் இன்னும் செய்யவில்லை. பதினொரு வருஷம் அடுத்தவர் முதுகைப் பார்த்துக்கொண்டு பின்பாட்டுப் பாடியவருக்கு முதல்முறையாக நடு மேடை கிடைத்திருக்கிறது, அதை வேண்டாம் என்று சொல்ல என் வாயா கிடைத்தது உங்களுக்கு? மாமா, உங்கள் குரல் தானாக எங்கேயும் போகவில்லை. அதை விரட்டியது நான்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஊரில் எல்லோரும் பதிவாளர் முன்னால் உறுதிமொழியைத் தாளைப் பார்த்து வாசிப்பார்கள், நீங்கள் மட்டும் நான்கு வரி எழுதி, மெட்டும் போட்டு, பாடியே சொல்லப்போவதாக அறிவித்ததும் அப்பா, "கையெழுத்துப் போடுற இடத்துல கச்சேரியா?" என்றார். அக்கா, "அவரு எனக்காகப் பாடறாருப்பா, உங்களுக்கென்ன?" என்றாள். அந்த 'எனக்காக'வைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது உண்மை. பதினைந்து வருஷமாக அவளோடு ஒரே அறையில் படுத்தவள் நான், எனக்காக யாரும் ஒரு விசில்கூட அடித்ததில்லை. அந்த எரிச்சலோடு கல்யாணத்தன்று மண்டபத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போனேன். லிஃப்ட் மெக்கானிக்கான அப்பாவின் பையிலிருந்து 'பழுது, உபயோகிக்க வேண்டாம்' பலகையை எடுத்து மாப்பிள்ளை அறைக் கதவில் மாட்டினேன் (அதுவும் நான்தான், மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்). பிறகு பார்த்தால் பதிவாளர் மேசைமேல், முந்தின நாளே நீங்கள் கொண்டுவைத்த சுருதிப் பெட்டி தனியாக இருந்தது. பாட்டு முழுக்க ஒரே ரீங்காரம் போட்டு, எந்த உயரத்தில் பாட வேண்டும் என்று உங்களுக்குக் காட்டிக்கொடுக்குமே, அதே பெட்டி. நீங்கள் ஒன்றரைக் கட்டைச் சுருதியை விட்டு அசையாதவர் என்று அக்கா பெருமை பேசிப் பேசி எனக்கு அது மனப்பாடம். நான் திருகை மூன்று கட்டைக்கு ஏற்றிவிட்டேன். சத்தியமாக நான் நினைத்தது இவ்வளவுதான்: பெட்டியை முடுக்கியதும் நீங்கள் திடுக்கிடுவீர்கள், நாலா பக்கமும் முறைப்பீர்கள், திருகை இறக்குவீர்கள், நான் ஒளிந்து நின்று சிரிப்பேன்.

நீங்கள் திடுக்கிடவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்துவிட்டீர்கள். எனக்கோ சங்கீத ஞானம் சைபர், பள்ளிக்கூடப் பாட்டு டீச்சரே "நீ வாயை மட்டும் அசைம்மா, போதும்" என்று தனிச் சலுகை கொடுத்திருக்கிறார். மூன்று கட்டையா முப்பது கட்டையா என்று எனக்கெங்கே தெரியும்? சமையலில் பாதி என் வேலை என்று பாடினீர்கள், கைதட்டினார்கள். சண்டை வந்தால் முதலில் நானே பேசுவேன் என்றீர்கள், பெண்கள் பக்கமிருந்து பெருமூச்சு வந்தது, சில கணவன்மார்கள் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நீ எழுந்திருக்கும்வரை பாட்டுச் சாதகம் செய்ய மாட்டேன் என்றீர்கள், அக்கா சிரித்துவிட்டாள். சரி, மாமா சமாளித்துவிட்டார் என்று நானும் மூச்சு விட்டேன். நான்காவது வரிக்குக் கண்ணைத் திறந்து, அக்காவைப் பார்த்து, 'உன்னை ஒருநாளும் கைவிட' என்று மேலே ஏறினீர்கள், அங்கேயே குரல் கீச்சென்று பிளந்து நின்றுவிட்டது. 'மாட்டேன்' வரவேயில்லை. பிறகு பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, அது வரிசை வரிசையாக முன்னால் வர, பதிவாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்ல சார், பாக்கியைச் சும்மா வாயால சொல்லுங்க, சட்டப்படி அது போதும்" என்றார். அப்பா பக்கத்திலிருந்தவரிடம் தொழில் பாஷையில், "மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சு" என்றார். உங்கள் காது மடல் இரண்டும் சிவந்ததைப் பார்த்தேன். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி மாமா. இந்த வரியை எழுதிவிட்டு ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் ஒன்பது நாளாக நீங்கள் வாய் திறக்கவில்லை. சாப்பிடும்போது 'உப்பு' என்று ஒரு சீட்டு, 'போதும்' என்று ஒரு சீட்டு. அம்மா வெந்நீர் போட்டுப் போட்டு அடுப்பே களைத்துவிட்டது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "தொண்டையில ஒண்ணுமே இல்லையே" என்றால், நீங்கள் அவரிடமும் ஒரு சீட்டு நீட்டுகிறீர்கள். கல்யாணத்துக்கு வெகு முன்பே எங்கள் மாடிக்குக் குடிவந்த நாளிலிருந்து காலை ஐந்தரைக்கு நீங்கள் சாதகம் செய்வீர்கள், நான் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு திட்டுவேன். இப்போது ஐந்தரைக்குச் சத்தம் வராததால் விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்து, என்ன செய்வது என்று தெரியாமல் பாடப் புத்தகத்தைக்கூடத் திறந்துவிட்டேன். என் நிலைமை எந்த அளவுக்குப் போய்விட்டது என்று பாருங்கள்.

ஆகவே மாமா, பழுது உங்கள் தொண்டையில் இல்லை, என் விரலில். என்ன தண்டனை வேண்டுமானாலும் சீட்டில் எழுதி அனுப்புங்கள். ஆனால் சனிக்கிழமை மேடையை மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்களுக்கும் உங்கள் தொண்டைக்கும் தனித்தனியாக என் வணக்கம். அக்காவிடம் சொல்ல வேண்டாம், அவள் கை நீட்டிவிடுவாள்.

தலை நிமிர முடியாத,
வாலு

பி.கு: கடிதத்தை மடிக்கும்போது அக்கா பின்னாலிருந்து பிடுங்கிப் படித்துவிட்டாள். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவளோ கட்டிலில் விழுந்து சிரிக்கிறாள்.

"லூசு, உன்னை எனக்குத் தெரியாதா? மண்டபத்துல நுழைஞ்சதும் முதல் வேலையா அந்தப் பெட்டியைத்தான் பார்த்தேன். மூணுல இருந்துச்சு. ஒண்ணரைக்கு இறக்கி வெச்சுட்டுத்தான் போய் உட்கார்ந்தேன்."

"அப்போ மாமா குரல்?"

"நாலாவது வரியில என்னைப் பார்த்தாரு. நான் மூக்கைச் சிந்திக்கிட்டு அழுதுட்டு இருந்தேன். அவருக்கும் தாங்கல. அழுகையும் பாட்டும் ஒரே தொண்டை வழியா எப்படிடி வரும்? அழுதேன்னு சொல்ல வெக்கம், தொண்டை போச்சுன்னு சீட்டு எழுதிக்கிட்டுத் திரியறாரு. சனிக்கிழமையும் நான் முன்வரிசையில உட்காருவேன்ல, மறுபடி அப்படி ஆயிடுமோன்னு பயம்."

ஆக, மேலே எழுதியதில் குற்றம் உண்டு, விளைவு இல்லை. ஒன்பது நாள் நான் வெட்கப்பட்டது வெறும் ஒத்திகை. நீங்கள் வெட்கப்படுவதோ அதைவிட வீண். செயலாளருக்கு இப்போதுதான் போன் செய்தேன். நீங்கள் வருகிறீர்கள். அக்காவுக்குக் கடைசி வரிசையில், மேடையிலிருந்து தெரியாத ஒரு மூலை. முன்வரிசையில் உங்களுக்கு நேர் எதிரே நான். என் மூஞ்சியைப் பார்த்து இதுவரை யாரும் கண்கலங்கியதில்லை, மிஞ்சிப்போனால் பல்லைக் கடித்திருக்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பாடினாலும் நீங்கள் சுருதி பிசக மாட்டீர்கள் என்று அக்கா சொல்கிறாள்.