கரையாத மைத்துனர்

மைத்துனரைத் தன் அறைக்குள் விடுவதில்லை என்று லேபிள் ஆபீசர் சங்கற்பம் செய்துகொண்டார். வீட்டில் அவருக்கென்று இருந்தது அந்த ஒரே அறைதான். ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ரேடியோ, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அங்கே தன் தம்பி மூன்று மாதம் தங்கட்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள். எதிர்த்துப் பேசலாம். ஆனால் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அப்படிப் பேசிப் பழக்கமில்லை.

தொழில் கைகொடுத்தது. உலைகளின் உள்பக்கம் சூடு தாங்க வைக்கிற வெள்ளை இழைப்பஞ்சைத் தயாரிக்கும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. எந்த மூட்டைக்கு ஆபத்து லேபிள் ஒட்டுவது என்று அவர்தான் தீர்மானிப்பார். மூச்சோடு உள்ளே போனாலும் நுரையீரலில் சீக்கிரம் கரைந்துவிடுகிற இழையை அவர் 'சாது' என்பார். அதற்கு அந்த லேபிள் வேண்டாம். கரையாமல் நாள்கணக்கில் தங்குகிற இழை 'பொல்லாதது'. நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மனிதன் படம் போட்டு ஒட்டியாக வேண்டும். தங்கினால் ஆபத்து என்று விதி வகுத்தவருக்கும் ஒரு மைத்துனர் இருந்திருக்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி கடைக்குப் போன நேரத்தில், தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த காலி மூட்டைக்குள் அலமாரியில் இருந்த பழைய கம்பளியைத் திணித்தார். வாயைக் கட்டி, அறைப் பரணில் ஏற்றி, லேபிளை ஒட்டினார். லேபிளில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. பொருள், வகுப்பு, எச்சரிக்கை, விளக்கம் கேட்கத் தொலைபேசி எண். பொய் லேபிள்தான். ஆனாலும் காலியாக விட அவருக்கு மனசு வரவில்லை. தன் ஆபீஸ் மேஜைத் தொலைபேசியின் எண்ணை அழகாக எழுதினார்.

"யாருங்க இது, நெஞ்சு வெடிச்சு நிக்கிறாரு?" என்றாள் மனைவி.

"சாம்பிள் மூட்டை. தொடாதே. சாது இல்ல, பொல்லாதது. உள்ள போனா கரையாது, தங்கிடும்."

"நீங்க மட்டும் இந்த ரூமுக்குள்ள போறீங்க?"

"நான் ட்ரெயினிங் எடுத்தவன்."

"அப்ப தம்பி?"

"பாவம், அவனுக்கு எதுக்கு ரிஸ்க்?"

மனைவி ஸ்டூல் போட்டு ஏறி, லேபிளைக் கடைசி வரி வரை நிதானமாகப் படித்தாள். சரி என்று இறங்கிப் போய்விட்டாள். ஆபீசருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு அவர் மேஜைத் தொலைபேசி அடித்தது. லேபிள் எண்ணுக்கு வரும் அழைப்பை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு. மேனேஜர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"வணக்கம் சார். எங்க வீட்டுப் பரண்ல உங்க கம்பெனி மூட்டை ஒண்ணு இருக்கு. ஆபத்துன்னு போட்டிருக்கு. என்ன பண்றது?"

பத்தொன்பது வருஷமாகக் கேட்கிற குரல்.

"வீட்டுலயா?" மேனேஜர் எழுந்தேவிட்டார். "அட்ரஸ் கேளுங்க. நானே நேர்ல போறேன். தூக்கிட்டுப் போனவன் வேலை இன்னையோட காலி!"

"அவசியமே இல்ல சார்! அம்மா, அது பஞ்சு இல்லீங்க. காலி மூட்டைக்குள்ள பழைய கம்பளி."

"போன்லயே எப்படிய்யா தெரியுது?"

"அனுபவம் சார்."

"அப்ப லேபிளைப் பிய்ச்சிடலாமா சார்?" என்றது ஸ்பீக்கர்.

"பிய்ச்சிடுங்கம்மா."

"அந்த ரூம்ல என் தம்பி தங்கலாமா?"

மேனேஜர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாராளமா."

"எத்தனை மாசம் சார்?"

"விதியில கால வரம்பு இல்லம்மா."

போனை வைத்ததும், "ரொம்பப் பொறுமையா விளக்குனீங்க" என்று மேனேஜர் பாராட்டினார்.

மாலை வீடு திரும்பியபோது மைத்துனர் சாய்வு நாற்காலியில் அதே கம்பளியைப் போர்த்திக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"கம்பளின்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"அலமாரியத் திறந்தப்பவே."

"அப்புறம் எதுக்குடி போன்?"

"நான் சொன்னா ஏதாவது சாக்கு சொல்வீங்க. ஆபீசரே சொல்லிட்டா மறுபேச்சு இருக்காதுல்ல?"

ஹால் மூலையில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பக்கத்தில் ரேடியோவை வைத்திருந்தாள். பிய்த்த லேபிளை வீணாக்காமல் நாற்காலியின் முதுகில் ஒட்டியிருந்தாள். 'பொருள்' என்ற கட்டத்தில் இழைப்பஞ்சை அடித்துவிட்டு 'வீட்டுக்காரர்' என்று எழுதியிருந்தாள். 'வகுப்பு' கட்டத்தையும் அவள் திருத்தாமல் விடவில்லை.

சாது.