இல்லாத நட்சத்திரங்களும் இருநூறு டி-ஷர்ட்டும்

நான் ஒருமுறை இல்லாத நட்சத்திரங்களைக் கண்டுபிடித்திருக்கிறேன். ஒன்றிரண்டு என்றால் வெளியே சொல்லாமல் இருந்திருப்பேன். ஒரு வளையம் நிறையக் கண்டுபிடித்தேன். போதாததற்கு, அதை இருநூறு டி-ஷர்ட்டில் அச்சடித்தும் விட்டோம்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கேலக்ஸிகளில் நட்சத்திரங்கள் எங்கே, எப்படிப் பிறக்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். முனைவர் பட்டத்துக்கு ஐந்தாம் வருடம். ஐந்தாம் வருடத்து மாணவிக்கு இரண்டே நிலைதான் உண்டு. ஒன்றும் தெரியவில்லையே என்று அழுவாள், அல்லது எல்லாம் தெரிந்துவிட்டதென்று திரிவாள். நான் திரிந்துகொண்டிருந்த ஒரு வாரத்தில்தான் அந்தப் படம் கையில் கிடைத்தது.

சாதாரணமான ஒரு கேலக்ஸி. அதன் ஓரத்திலிருந்து தள்ளி, நட்சத்திரம் பிறக்கத் தோதே இல்லாத வெற்றிடத்தில், மங்கலாக ஒரு வளையம். புதிதாகப் பிறந்த நட்சத்திரங்கள் சுற்றியிருக்கும் வாயுவைச் சூடாக்கும்போது வரும் சிவப்பு ஒளியை மட்டும் விடும் பில்டர் வழியாக எடுத்த படம் அது. அப்படியானால் வளையம் முழுக்கக் குழந்தை நட்சத்திரங்கள். வெளிநாட்டில் இருந்த என் வழிகாட்டி, நன்றாகச் சரிபார்த்துவிட்டுப் பேசு என்று எழுதினார். சரிபார்த்துவிட்டேன் என்று பதில் போட்டேன். (படத்தைப் பெரிசு பண்ணி நாலு தடவை ரசித்ததைத்தான் அப்படிச் சொன்னேன்.)

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் வானியல் கருத்தரங்கு. பேச எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து ஒரு பேராசிரியை வருவதாக இருந்தது. அவருடைய குழுவில் ஓர் இடம் காலி, என் விண்ணப்பம் அவர் மேசையில். அதற்கு ஒரு வாரம் முன்பே திருப்பூருக்கு வந்துவிட்டேன். வந்த இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

என் மாமா, அம்மாவின் தம்பி, பனியன் கம்பெனி நடத்துகிறவர். அவரிடம் லேப்டாப்பைத் திறந்து படத்தைக் காட்டினேன்.

"இது நீ கண்டுபுடிச்சதா கண்ணு?"

"ஆமாங்க மாமா. இதுக்கு முன்னால ஆருமே பாத்ததில்லீங்க."

மாமா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கருப்புத் துணில அடிச்சா தூக்கலா இருக்கும்" என்றார்.

இரண்டாம் நாள் கம்பெனியில் சாம்பிள் தயாராக இருந்தது. நெஞ்சில் கேலக்ஸி, அதை ஒட்டி ஆரஞ்சு வளையம், கீழே 'கோகிலா' என்று என் பெயர். (பெயர் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்லவில்லை.) வளையம் மங்கலாக இருக்கிறதென்று பிரின்டிங்கில் கொஞ்சம் அழுத்தியே போட்டிருந்தார்கள்.

அங்கே எந்தத் துணியும் செக்கிங் மேசையைத் தாண்டித்தான் வெளியே போகும். அந்த மேசையில் இருபது வருடமாக இருப்பவர் இசக்கியம்மாள் அக்கா, திருநெல்வேலிப் பக்கம். சாம்பிளை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, வளையத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது டிசைனா, கறையாம்மா?"

"நட்சத்திரங்கக்கா. புதுசாப் பொறந்தது."

"பாத்தா டம்ளர் வச்ச தடம் மாதிரில்லா இருக்கு."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. சிரித்ததோடு விடாமல் வாயு மேகம், ஈர்ப்பு விசை, அடர்த்தி என்று பத்து நிமிடம் வகுப்பு வேறு எடுத்தேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படிச்சவிய சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி அடுத்த பீஸை எடுத்தார்.

கருத்தரங்கு நாளன்று மாமாவே வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு என்னோடு வந்தார். அரங்க வாசலில் வெள்ளை வேட்டியோடு நின்று, உள்ளே போகிற விஞ்ஞானிகளை மேலும் கீழும் பார்த்து, "உங்களுக்கு எக்ஸெல் வேணுமுங்க", "மேடத்துக்கு மீடியம் போதுமுங்க" என்று ஆளுக்கொன்று கொடுத்தார். உள்ளே ஏசி குளிர் தாங்காமல் எல்லோரும் அதைச் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார்கள். ஜெர்மன் பேராசிரியை உட்பட. மேடையேறிப் பார்த்தால் வரிசை வரிசையாக என் வளையம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பேசி முடித்தேன். நன்றாகவே பேசினேன், அதுதான் வேதனை. மூன்றாவது வரிசையில் ஒரு பொறியாளர் எழுந்தார். தொலைநோக்கிகளுக்குக் கேமரா செய்கிறவர். தன் நெஞ்சைக் குனிந்து பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்து இன்னொரு படம் எடுத்தீர்களா?"

"எடுத்தேன் சார். நடுவில் மேகம் வந்துவிட்டது. அதனால் திறந்து பார்க்கவில்லை."

"இப்போது திறக்கலாமே" என்றார், மிகவும் அன்பாக.

திறந்தேன். மேகத்தை மீறித் தெளிவாகவே தெரிந்தது. தொலைநோக்கியை நகர்த்தியதால் கேலக்ஸி திரையில் இடது பக்கம் போயிருந்தது. வளையம் வலது பக்கம் போயிருந்தது. கேலக்ஸிக்குச் சொந்தமான வளையம் என்றால் கேலக்ஸி போகிற பக்கம்தானே அதுவும் போக வேண்டும்? பக்கத்தில் இருந்த ஒரு பிரகாசமான நட்சத்திரத்தின் ஒளி, கேமராவுக்குள்ளேயே பில்டரில் பட்டுத் திரும்பி விழுந்த பிம்பம் அது என்று அவர் விளக்கினார். "நாங்கள் இதைப் பேய் என்போம்."

எண்பது பேர் மெல்லக் குனிந்து அவரவர் நெஞ்சில் இருந்த பேயைப் பார்த்தார்கள். ஜெர்மன் பேராசிரியை டி-ஷர்ட்டை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துப் பார்த்தார். எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி அரங்கம் முழுக்கப் பரவியது. கடைசி வரிசையில் மாமாவுக்கு நாங்கள் பேசிய இங்கிலீஷ் ஒன்றும் பிடிபடவில்லை. மருமகள் பேச்சுக்குக் கூட்டமே மகிழ்கிறதென்று எழுந்து நின்று கைதட்டினார்.

திரும்பும்போது வேனில் அவருக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப அது நட்சத்திரமே இல்லையா கண்ணு?"

"இல்லீங்க மாமா. நவுத்தி வெச்சுப் பாத்திருக்கோணும். நான் பாக்கலீங்க."

அவிநாசி தாண்டும்வரை அவர் மிச்சப் பெட்டிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "செரி உடு. டேமேஜ் பீஸ் போகாத கம்பெனி ஏது. மிச்சத்தக் காதர்பேட்டைல தள்ளி உட்டறலாம்" என்றார்.

திருப்பூரின் அந்த மலிவு பனியன் சந்தையில் தள்ளியும் விட்டார். அங்கே வாங்கியவர்கள் 'கோகிலா'வை ஏதோ பிராண்டு என்று நினைத்துக்கொண்டார்களாம். மூலனூர் சந்தையில் முருங்கைக்காய்க் கட்டு தூக்குகிற ஒருவர் முதுகு வேர்க்க என் பெயரைச் சுமந்து போவதை நானே பார்த்தேன்.

இசக்கியம்மாள் அக்காவிடம் மறுநாளே போய் ஒப்புக்கொண்டேன்.

"நீங்க சொன்னதுதாங்கக்கா. தடந்தான்."

அவர் குத்திக்காட்டவில்லை. கொஞ்சம் யோசித்து, "தொவச்சாப் போவுமா?" என்று மட்டும் கேட்டார்.

போகவில்லை. ஜெர்மனி வேலை வேறொருவருக்குப் போனது. என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் முழுதாகக் காணாமல் போய், பட்டம் வாங்க இன்னொரு வருடம் ஆனது. ஆனால் அந்த நகர்த்தும் சமாச்சாரம் எங்கள் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. யாராவது காடு தோட்டம் வாங்குகிறார்கள், புது மெஷின் பார்த்திருக்கிறார்கள், எந்த நல்ல சேதியானாலும் மாமா முதலில் கேட்பது, "நவுத்தி வெச்சுப் பாத்தாச்சா?"

கொஞ்ச காலம் கழித்து, என்னோடு ஆராய்ச்சி செய்த நாக்பூர்க்காரர் ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லி வீட்டுக்கு அழைத்து வந்தேன். மரியாதைக்கு ஒரு சொல்லாவது தெரியட்டும் என்று ரயிலில் அவருக்கு 'ஆமாங்க' சொல்லிக்கொடுத்திருந்தேன். காபியைக் கையில் கொடுத்துவிட்டு அத்தை, மாமாவின் மனைவி, அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இவரை நவுத்தி வெச்சுப் பாத்தயா? நாளைக்கு நீ ஒரு பக்கம் போனா இவரு ஒரு பக்கம் போயிருவாரா?"

எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கையைக் கூப்பி, பணிவாக, "ஆமாங்க" என்றார்.

கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. எனக்குப் புனேயில் வேலை, அவருக்கு நைனிடாலில். அத்தை இதைச் சொல்லிச் சிரிக்காத விசேஷ வீடு திருப்பூரில் பாக்கியில்லை.