ஒரே காலையில் பலித்த இரண்டு வேண்டுதல்கள்

முருகன் துணை
கிள்ளான், வியாழக்கிழமை

பாசமிகு சபாபதி அண்ணனுக்கு,

தங்கை புஷ்பவல்லி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மச்சானும் மகள் தாமரையும் இருக்கிற நிலைமைக்குச் சுகமாகவே இருக்கிறோம். ஈப்போவில் உங்கள் சர்க்கரையும் அண்ணியின் முட்டிவலியும் அடங்கி இருக்கக் கந்தனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் போட்டால் குடும்பக் குழுவில் முப்பத்தெட்டுப் பேர் படிப்பார்கள், அதில் பதினோரு பேர் அறிவுரை சொல்வார்கள்.

விஷயம் இதுதான். பங்சார் இன்சூரன்ஸ் கம்பெனியில் நீங்கள் சொல்லி வைத்த நிரந்தர வேலை தாமரைக்குக் கிடைத்துவிட்டது. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், அரை மணி நேரத்தில், வௌவால் ஆராய்ச்சிக்கான கிராண்டும் கிடைத்துத் தொலைத்துவிட்டது. உங்களுக்குத் தெரியாததா, ஆறு வருஷமாகக் குகை குகையாகப் போய் வௌவால் எண்ணுகிறாள். இத்தனை மாதத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுப்பார்கள், முடிந்தால் அடுத்த கிராண்டுக்கு மனுப் போட வேண்டும். ஆறு வருஷத்தில் ஐந்து கிராண்ட், நடுவில் மொத்தம் பதினேழு மாதம் சும்மா. தேதியோடு என் நோட்டில் இருக்கிறது. அரிசியை மூட்டையாக வாங்குகிற வீட்டில் மகளின் சம்பளம் மட்டும் பாக்கெட் பாக்கெட்டாக வருகிறது. கேட்டால், வௌவால் இல்லாவிட்டால் டுரியான் காய்க்காது அம்மா என்கிறாள். டுரியான்காரன் உனக்கு ஈபிஎஃப் கட்டுவானா என்றேன்.

போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அம்மா குமுதா கேசரியைச் சாப்பிட்டபடி, "பொண்ணு எங்க வேலை செய்யுது அக்கா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் மச்சான், "கிராண்ட்ல இருக்கா. அடுத்த மாசம் முடியுது" என்று பெருமையாகச் சொன்னார்.

"அப்புறம்?"

"அப்புறம் இன்னொன்னு வரும்லா."

"வரலேன்னா?"

"வர்ற வரைக்கும் வீட்டுல இருப்பா."

அந்தம்மா ஸ்பூனைக் கீழே வைத்தார். "அப்ப எங்க பையனும் அடுத்த மாசம் வரைக்கும்தானா?"

தாமரை குபீரென்று சிரித்துவிட்டாள். அதோடு சம்பந்தம் போச்சு. மிச்சக் கேசரியை மட்டும் டப்பாவில் போட்டுக்கொண்டு போனார்கள்.

அந்த வாரமே பத்துமலைக் குகைக் கோயிலுக்குப் போய், இருநூற்று எழுபத்திரண்டு படியும் ஏறி, "முருகா, இவளுக்கு நிரந்தர வேலை கிடைத்தால் பால்குடம் எடுக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் உங்கள் மச்சான் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், பாவம் மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன். அந்த மனுஷன் அங்கேயே, அடுத்த வௌவால் கிராண்ட் கிடைத்தால் மொட்டை போடுகிறேன் என்று வேண்டியிருக்கிறார். கிராண்டில் இருக்கும்போதுதான் பிள்ளையின் முகம் நன்றாக இருக்கிறது என்பது அவர் கட்சி. முப்பது வருஷமாக மை அடித்துக் காப்பாற்றிய முடி அண்ணா! ஒரே சந்நிதியில், ஒரே அர்ச்சனைத் தட்டில், நான் வாங்கிய தேங்காயில்!

செவ்வாய்க்கிழமை காலை பத்து பத்துக்கு என் வேலை வந்தது. பத்து நாற்பதுக்கு அவர் கிராண்ட் வந்தது, ஒன்பது மாதம். முதலில் கொடுத்ததுதான் முருகன் முடிவு என்றேன் நான். கடைசியாகச் சொன்னதுதான் முடிவு என்றார் அவர். சண்டை முற்றிப்போய் வீட்டுப் பக்கத்துக் கோயில் குருக்களிடம் போனோம். அவர் விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டே, "அம்மா, கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டீங்களா, அவ சேரணும்னு வேண்டிக்கிட்டீங்களா?" என்றார்.

"கிடைக்கணும்னுதான் சாமி."

"ஐயா நீங்க?"

"நானும் அதேதான்."

"அப்ப ரெண்டு பேருக்கும் கிடைச்சிருச்சு. ரெண்டு பேரும் செலுத்திடுங்க. அடுத்த தடவை முழுசா கேளுங்க."

உப்பு வாங்கினால்கூட ரசீதைச் சரிபார்க்கிறவள் நான், சாமியிடம் ஒரு வரி விட்டுவிட்டேன். ஆக, உங்கள் மச்சானுக்கு இன்று காலை மொட்டை, எனக்குச் சனிக்கிழமை பால்குடம். மகள் எதில் சேருவாள் என்பது மட்டும் அப்போது யாருக்கும் தெரியாது.

மத்தியானம் நானே உட்கார வைத்துப் பேசினேன். "மெடிக்கல் கார்டு உண்டு, போனஸ் உண்டு, பல்லு புடுங்கினாக்கூட கம்பெனி குடுக்கும்."

"எல்லா பல்லும் நல்லாத்தான் இருக்கும்மா."

"அம்பத்தஞ்சு வயசுல குகை ஏறுவியா நீ?"

"நீங்க அம்பத்தெட்டுல ஏறினீங்களே."

வாயாடி. அதோடு விட்டாளா? "உங்க சமையல்கட்டு வேலை பெர்மனன்ட்தானே? முப்பத்தோரு வருஷம். லீவு உண்டா? ஈபிஎஃப் உண்டா?" என்றாள். நான் மிளகாய் காயப் போடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்த்து, "சரிம்மா, இன்சூரன்ஸுக்கே போறேன்" என்றாள். முருகன் கண் திறந்தான். ஆகவே அண்ணா, காரியம் ஜெயம். கம்பெனி மேனேஜருக்கு நீங்களும் ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிடுங்கள்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் பேரப்பிள்ளைகள் நீண்ட ஆயுளும் நிரந்தர வேலையும் பெற்று வாழக் கந்தன் காக்க.

இப்படிக்கு,
தங்கை புஷ்பவல்லி

பி.கு.: தபால்தலை ஒட்டப் போன நேரத்தில் தாமரையின் புரொபசர் டாக்டர் மாதவி வந்துவிட்டார், தாமரை போனில் விலகுவதாகச் சொன்னதால் குகைச் சாமான்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள. தாமரை தலைவிளக்கு, வலை, கையுறை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். வௌவாலை நிறுக்கிற சின்னத் தராசை மட்டும் மூன்று தடவை துடைத்தாள். நான் தோசைக்கல்லை அடுப்பில் போட்டேன். டாக்டரோ தாமரையின் குகைச் செலவு ரசீதுக் கட்டைப் பிரித்துவிட்டு அசந்து போனார். டோல், பெட்ரோல், பேட்டரி எல்லாம் தேதிவாரியாகத் தைத்து வைத்திருந்தேன். "யாரு ஆன்டி இதைச் செஞ்சது? போன கணக்கை ஆடிட்டர் மூணு தடவ திருப்பி அனுப்பினாரு." நான்தான் என்றேன். இரண்டாவது தோசை முடிவதற்குள் எனக்கு வேலை கொடுத்துவிட்டார்: கணக்கு உதவியாளர், மாதம் தொள்ளாயிரம் வெள்ளி சம்பளம், ஒன்பது மாதம். கிராண்ட் தாமரை பேரில் இருப்பதால் அவள் இல்லாமல் நானும் இல்லை. எனவே ஆபீஸ் மூடுவதற்குள் நானே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, பெண் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மேனேஜரிடம் நன்றிக்குப் பதில் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. அடுத்த வெள்ளிக்கிழமை முதல் திங்கள் வரை நானும் தாமரையும் பகாங் பக்கம் குகை வேலைக்குப் போகிறோம். உங்கள் மச்சானுக்குச் சுடுதண்ணீர் வைக்க மட்டும்தான் தெரியும். ஈப்போ பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறேன், நான்கு நாள் வைத்துக்கொள்ளுங்கள். நீட்டிப்பு தேவைப்பட்டால் முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவிக்கிறேன்.