சொட்டாத குழாயைக் கவனித்த வகையில்

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் தமது மாடி வீட்டை வாடகைக்கு விட்டார் என்பது உலக வரலாற்றில் இடம்பெறத் தக்க நிகழ்ச்சி அல்ல. ஆனாலும் அதன்பின் நடந்தவற்றைப் பொதுமக்கள் நலன் கருதிப் பதிவு செய்வது என் கடமை. நான் அதே தெரு முனையில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவன். என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்லக் கேட்டதைத்தான் எழுதுகிறேன். அநியாயத்தைக் கண்டால் கொதித்துப் போகிறவன் என்று தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு.

கண்டக்டர் முப்பத்திரண்டு வருடம் டிக்கெட் கிழித்தவர். கீழே தாம் இருக்க ஒரு வீடு, மேலே வாடகைக்கு ஒரு வீடு என்று கட்டிக்கொண்டார். மாடி முழுக்கப் பயணிகளுக்குத் திருப்பித் தராத மீதிச் சில்லறையில் கட்டியது என்று ஒரு வதந்தி உலவுகிறது. வதந்திகளை நம்பக் கூடாது. குளியலறை மட்டும்தான்.

மேலே ஒரு ரொட்டிக்கடைக்காரர் குடும்பத்தோடு இருந்தார். மாதம் ஒன்பதாயிரம் வாடகை. பென்ஷன் வீட்டுச் செலவுக்குப் போக, கண்டக்டர் மனைவியின் முழங்கால் வைத்தியம் அந்த வாடகையில்தான் நடந்து வந்தது. ஒன்றாம் தேதி கண்டக்டர் பதினான்கு படி ஏறுவார், பணத்தை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு இறங்குவார். ஐந்து வருடம் இந்த ஏற்பாட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அந்தக் குறையைப் போக்க அவருடைய மைத்துனர் வந்து சேர்ந்தார்.

"என்ன மாமா, இன்னும் நீங்களே போய்க் கதவைத் தட்டி வாடகை வாங்கறீங்களா? வெளியில சொல்லாதீங்க, சிரிப்பாங்க."

"பதினாலு படிதானேப்பா. ஏறினா கையில தர்றாங்க."

"கையில வாங்கறதெல்லாம் அந்தக் காலம். இப்ப கம்பெனிதான் வாங்கணும். நமக்கு ஸ்டேட்மென்ட் வரணும். எனக்கு வருதே."

ஸ்டேட்மென்ட் என்ற சொல் கண்டக்டரின் மனதில் தைத்துவிட்டது. வாழ்நாள் முழுக்க அடுத்தவருக்குச் சீட்டு கொடுத்தவருக்கு, தமக்கென்று ஒரு சீட்டு வரும் என்றால் ஆசை வராதா?

சொத்து நிர்வாக நிறுவனத்திலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். "வாடகையில பத்துக்கு ஒண்ணு எங்களுக்கு. மத்தபடி நீங்க எதையும் கவனிக்க வேண்டாம் சார். எல்லாத்தையும் நாங்க கவனிச்சுக்கறோம். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்ப்போம்" என்றார். ஒப்பந்தம் இருபத்தாறு பக்கம். அதில் 'கவனிப்பு' என்ற சொல் நூற்றுப்பதினோரு தடவை வந்தது. என்னவொரு அக்கறை என்று கண்டக்டர் நெகிழ்ந்துபோய்க் கையெழுத்துப் போட்டார்.

முதல் மாத ஸ்டேட்மென்ட்டோடு அவர் என் கடைக்கு வந்தார். ஓய்வுபெற்ற அன்று சக ஊழியர்கள் கொடுத்த கைக்கடிகாரம் நின்றுவிட்டது என்று அதையும் மேசைமேல் வைத்தார். நான் லென்ஸைக் கண்ணில் மாட்டி, கடிகாரத்தைத் திறந்து பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். காகிதம் கல்யாணப் பத்திரிகைபோல் வழவழவென்று இருந்தது. அதில் இப்படி எழுதியிருந்தது: கவனிப்பு, தொள்ளாயிரம். குளியலறைக் குழாய் சொட்டுவதைக் கவனித்த வகையில், நாளொன்றுக்கு ஐம்பது வீதம் ஆயிரத்து ஐந்நூறு. குடியிருப்போர் அளித்த தேநீரை மறுக்காதிருந்த வகையில், நூற்றைம்பது. சில்லறைச் செலவு, இருநூறு. போக மீதி ஆறாயிரத்து இருநூற்று ஐம்பது.

"விளக்கெண்ணெய்க்குப் போடலையே, அதுவரைக்கும் பரவாயில்ல" என்றார் கண்டக்டர். நான் லென்ஸைக் கழற்றினேன். சும்மா பார்த்துவிட்டுப் போவதற்கு ஒரு கட்டணமா? இது பகல் கொள்ளை என்று இரண்டு தெருவுக்குக் கேட்கும்படி சொன்னேன்.

மறுநாள் காலை டைக்காரர் நோட்டோடு மாடிப்படி ஏறும்போது கண்டக்டர் வாசலில் மடக்கினார்.

"ஏங்க, குழாய் சொட்டுதுன்னு தெரியுதில்ல, சரிபண்ண வேண்டியதுதானே?"

"சரிபண்றது பராமரிப்புத் துறை சார். நாங்க கவனிப்புத் துறை."

"சரி, அவங்ககிட்டச் சொல்லுங்க."

"சொல்றது தகவல் தொடர்புத் துறை. மூணு மாசமா அங்க ஆள் இல்ல."

"அப்ப நீங்க மேல போய் என்னதான் செய்வீங்க?"

"சொட்டுதான்னு பார்ப்பேன் சார். சொட்டினா 'சொட்டுகிறது'ன்னு எழுதுவேன்." கடமையில் தவறாத மனிதரின் குரல் அது. சொன்னதைச் செய்யவும் செய்தார்.

கண்டக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு வாஷர் வாங்கி, பதினான்கு படி ஏறி, ஸ்பேனரால் குழாயைக் கழற்றிப் பூட்டி, பத்தே நிமிடத்தில் சொட்டை நிறுத்தினார். ரொட்டிக்கடைக்காரர் மனைவி கை தட்டினார். அன்று ராத்திரி கண்டக்டர் நிம்மதியாகத் தூங்கினார் என்று அவர் மனைவியே என்னிடம் சொன்னார்.

இரண்டாம் மாத ஸ்டேட்மென்ட் வந்தது. கவனிப்புக்குரிய பொருளை உரிமையாளர் முன்னறிவிப்பின்றி அகற்றிய வகையில், இரண்டாயிரத்து ஐந்நூறு. அதன்பொருட்டு மாடிப்படிகளை ஏறவும் இறங்கவும் பயன்படுத்திய வகையில், படி ஒன்றுக்குப் பத்து வீதம் இருநூற்று எண்பது. சொட்டாத குழாயைக் கவனித்த வகையில், நாளொன்றுக்கு நூறு வீதம் மூவாயிரம். சில்லறைச் செலவு நானூறு. வழக்கமான தொள்ளாயிரமும் கழிந்து, கைக்கு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது.

"சொட்டின குழாய்க்கு ஐம்பது, சொட்டாததுக்கு நூறாங்க?" என்று கண்டக்டர் டைக்காரரிடம் கேட்டிருக்கிறார்.

"நீங்களே யோசிச்சுப் பாருங்க சார். சொட்டுதுன்னு சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொட்டலைன்னு அடிச்சுச் சொல்லணும்னா அரை மணி நேரம் நிக்கணும். சொட்டிருமோ சொட்டிருமோன்னு மனசு வேற பதறும்."

இதைக் கேட்டபோது நான் அவருடைய கடிகாரத்தை இரண்டாம் தடவையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். புகார் எழுதுங்கள் என்று நானே காகிதம் எடுத்துக் கொடுத்தேன். வாசகங்களும் என்னுடையவைதான். மூன்று கடிதம் எழுதினோம், ஒன்றைவிட ஒன்று காரமாக.

மூன்றாம் மாத ஸ்டேட்மென்ட்டில் அவற்றுக்குப் பதில் இருந்தது. புகார்க் கடிதங்களைப் படித்து மனம் வருந்திய வகையில், கடிதம் ஒன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறு வீதம் நாலாயிரத்து ஐந்நூறு. குழாய் அதே மூவாயிரம். கவனிப்பு தொள்ளாயிரம். சில்லறைச் செலவு எண்ணூறு. கூட்டிப் பார்த்தால் ஒன்பதாயிரத்து இருநூறு. அதாவது, மாடியைக் கட்டி, அதை வாடகைக்கும் விட்ட குற்றத்துக்காகக் கண்டக்டர் இருநூறு ரூபாய் கட்ட வேண்டும். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'உரிமையாளர் பாக்கி வைக்கும் பட்சத்தில், ஒப்பந்தப்படி அவருடைய உரிமையையும் நிறுவனமே கவனித்துக்கொள்ளும்.'

நான் மூன்றாம் தடவை திறந்த கடிகாரத்தை அப்படியே மூடி வைத்துவிட்டேன். மாடியே போகப் போகிறது. கண்டக்டரின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"எங்க வீட்டுல ஒண்ணுதான் தம்பி சொன்னா" என்றார். "'என் முழங்கால் கிடக்கட்டுங்க. மாடியை எடுத்துக்கிட்டாங்கன்னா, அடுத்தது கீழ சொட்டுதான்னு பார்க்க வருவாங்க. போய் ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வாங்க'ன்னுட்டா."

மறுநாள் கம்பெனி ஆபீசுக்குப் போனார். ஐந்து மேசைகளைக் கடந்து மேலாளர் அம்மாவின் அறைக்குள் அனுப்பினார்கள். நாற்பது வயது இருக்கும், சிரித்த முகம். நாற்காலிக்குப் பின்னால் சுவரில், கண்ணாடிச் சட்டம் போட்டு, சந்தன நிற விளக்கு வைத்து ஏதோ ஒரு படம். கம்பெனியைத் தொடங்கிய பெரியவராக இருக்கும் என்று கண்டக்டர் மரியாதையாக அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தார்.

"மத்ததெல்லாம் கூட ஏதோ எழுதியிருக்கீங்கம்மா. இந்தச் சில்லறைச் செலவுன்னா என்ன? மாசாமாசம் ரெண்டு மடங்காகுது. என்ன செலவுன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறீங்க. கொஞ்சம் கொஞ்சமா எடுத்தா எவனும் கேட்க மாட்டான்னு நினைப்பா?"

மேலாளர் அம்மா அவரையே உற்றுப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்தார்.

"சார், நீங்க இருபத்தேழாம் நம்பர் பஸ்ல இருந்தீங்களா?"

"ஆமா. எதுக்குக் கேக்கறீங்க?"

"கொஞ்சம் எனக்குப் பின்னாடி பாருங்க சார்."

கண்டக்டர் சுவரைப் பார்த்தார். சட்டத்துக்குள் இருந்தது ஆளின் படம் இல்லை. மஞ்சளாகிப் போன ஒரு பஸ் டிக்கெட். அதன் பின்பக்கம் பேனாவால் 'பாக்கி 3' என்று எழுதி, கீழே ஒரு சுழி.

"மூணு வருஷம் காலேஜுக்கு உங்க பஸ்லதான் சார் வந்தேன். 'இறங்கும்போது வாங்கிக்கோம்மா'ன்னு எழுதித் தருவீங்க. இறங்கும்போது விசில் அடிச்சிருவீங்க. ஒருத்தர்கிட்ட மொத்தமா எடுத்தா சண்டைக்கு வருவாங்க. எல்லார்கிட்டயும் கொஞ்சம் நிறுத்தி வெச்சா, கேக்கறதுக்கு அவங்களுக்கே கூச்சமாயிரும். இந்தக் கம்பெனியே அந்த டிக்கெட்டுலதான் சார் பொறந்தது."

கண்டக்டர் கிட்டப் போய்ப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "சுழி என்னுதுதான்" என்றார்.

அந்த அம்மா இரண்டு கையையும் கூப்பினார். வெளியே ஐந்து மேசைகளிலும் இருந்த டைக்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

இரண்டு வாரம் அவர் என் கடைப் பக்கம் வரவில்லை. வந்தபோது கழுத்தில் டை, தோளில் பழைய தோல் பை. சில்லறைப் பிரிவின் தலைமை ஆலோசகர். ஊழியர் சலுகையாக மாடி வீட்டுக்கு எந்தக் கட்டணமும் கிடையாது. சம்பளம் மாதம் ஒன்பதாயிரம். முழங்காலுக்குப் புதிய டாக்டர் பார்த்தாயிற்று.

"நீங்களுமா சார்? ஊர்க்காரங்க தலையில மிளகாய் அரைக்கிறவங்களோட சேர்ந்துட்டீங்களா?"

"அப்படிச் சொல்லாதீங்க தம்பி. கவனிப்புன்னு சொல்லுங்க. சரி, என் வாட்ச் ஆச்சா?"

கடிகாரத்தை எடுத்தேன். லென்ஸை மாட்டி இன்னொரு தடவை திறந்து பார்த்தேன். மூடினேன்.

"ஓடல சார். நாலு தடவை திறந்து பார்த்திருக்கேன். தடவைக்கு இருபது, எண்பது ரூபா ஆச்சு."

"ஓடலையே தம்பி, அப்புறம் எதுக்கு எண்பது?"

"ஓட வைக்கறது ரிப்பேர் சார், அது தனி. இது பார்த்ததுக்கு. பார்க்காம ஓடலைன்னு எப்படிச் சொல்றது?"

அவர் நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். நான் கல்லாவைத் திறந்து துழாவினேன். சில்லறை இல்லை. எண்பதுக்கு ஒரு ரசீது எழுதி, அதைத் திருப்பி, பின்பக்கம் 'பாக்கி 20' என்று எழுதி, கீழே என் சுழியைப் போட்டுக் கொடுத்தேன். "அப்புறம் வாங்கிக்கங்க சார்" என்றேன்.

கண்டக்டர் அந்த ரசீதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"தம்பி, எங்க ஆபீஸ்ல எனக்கும் மேல ஒரு இடம் காலியா இருக்கு. நாளைக்கே வாங்க, நான் சொல்லி வாங்கித் தர்றேன்."

சம்பளம் எவ்வளவு என்று ஒரு மரியாதைக்குக் கேட்டேன். சொன்னார். எனக்குக் கட்டுப்படியாகாது என்று சொல்லிவிட்டேன். கடையில் அதைவிடக் கூடுதலாகவே வருகிறது.