மலேசியாவில் நாலு மணி மழை

மணி ஒன்றரை. ஓரகத்தி ரங்கம்மாள் காதில் போனை வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். பக்கத்து வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த இருசம்மாளுக்கு வயிறு எரிந்தது.

"அங்க மழ புடிச்சிக்கிச்சிக்கா," என்றாள் ரங்கம்மாள், போனைக் கையால் பொத்திக்கொண்டு. "நமக்கு ஒன்றரன்னா அவருக்கு நாலு. காலைல வெயிலு, நாலு மணிக்கு மழ. வருசம் முச்சூடும் இதே கததான். வேலைய வுட்டுட்டு ஒரு மணி நேரம் என்கிட்ட பேசிக்கினு இருப்பாரு."

அவள் புருஷன் வீரமுத்து மலேசியாவில் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தான். அவனுடைய அண்ணன் வேடியப்பன்தான் இருசம்மாளின் புருஷன். ரிஷிவந்தியத்தில் கரும்பு வெட்டுகிறவன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். பொறாமையெல்லாம் இல்லை என்று இருசம்மாள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அவளாலேயே நம்ப முடியவில்லை.

மறுநாள் ஒன்றரைக்குச் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எதனா பேசுங்க."

"இன்னாத்த?"

"எதனா."

"உப்பு கம்மி," என்றான் வேடியப்பன்.

நேரில் கூச்சப்படுகிறான் போலிருக்கிறது என்று, அடுத்த நாள் கொல்லையிலிருந்து போன் செய்யச் சொன்னாள். ரங்கம்மாள் காதில் விழட்டும் என்று வாசலில் நின்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னா கொழம்பு?"

"கத்திரிக்கா."

"சரி."

வைத்துவிட்டான். தெருவே சிரித்தது.

குற்றம் புருஷன்மேல் இல்லை, வானத்தின்மேல் என்று இருசம்மாள் முடிவுகட்டினாள். கல்வராயன் மலையில் இருட்டிக் காட்டிவிட்டு ஊரை ஏமாற்றுகிற மேகத்தை நம்பி எந்த ஆம்பளை பேசுவான்? தினம் தவறாமல் வேலையை நிறுத்துகிற மழை வேண்டும். வீட்டில் இருந்த நாலு ஆடும் பயணச் செலவுக்காகச் சந்தைக்குப் போயின. தம்பி இருக்கும் மலேசியாத் தோட்டத்துக்கே வேடியப்பனும் வேலைக்குப் போனான். வேன் ஏறும்போது மட்டும், "நான் வூட்லயே இருந்துடறனே," என்றான். அவள் காதில் வாங்கவில்லை.

போய்ச் சேர்ந்ததைச் சொன்னதோடு சரி. பதினைந்து நாள் ஒன்றரை மணிக்கெல்லாம் போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அடுத்த வாசலில் ரங்கம்மாள் முன்னைவிடச் சத்தமாகச் சிரித்துப் பேசினாள். இங்கே உப்பு கம்மி என்று சொல்லக்கூட ஆளில்லை. இருசம்மாளுக்கு அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்தது. வீரமுத்து.

"அண்ணன் குளிச்சிக்கினு இருக்காரு அண்ணி. அதுக்குள்ள நான் போட்டேன்."

"அங்க இப்ப மழயே இல்லியா தம்பி?"

"தெனம் நாலு மணிக்கு ஊத்துதே."

"அப்ப நீ ரங்கத்துகிட்ட மழ நேரத்துல பேசுறாப்ல, உங்க அண்ணனும் பேசக் கூடாதா?"



"மழ வந்துட்டா இங்க டவரே கெடைக்காது அண்ணி. அஞ்சி வருசமா ரங்கத்துகிட்ட நான் பேசறது ஞாயித்துக்கிழம காலைல மட்டுந்தான்."