அத்தான்ர பிளேனும் என்ர கிளச் கேபிளும்

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஆறு நட்டு இறுக்கிறது. அவ்வளவுதான்.

கண்டாவளையில, வயல் உழுகிற ரெண்டு சில்லு லான்ட்மாஸ்ரர் திருத்திற கராச் வைச்சிருக்கிறவன் நான். ஆறு நட்டு எனக்குத் தேத்தண்ணி ஆற முதல் முடியிற வேலை.

விசயம் என்னெண்டா, கனடாவில இருக்கிற அத்தான், அக்கான்ர மனுசன், ரெண்டு சீற் குட்டி பிளேன் ஒண்டைப் பெட்டி பெட்டியா இறக்கி, நாலு வருசமா லீவில வந்து வந்து என்ர கராச்சுக்குப் பின்னால பூட்டினவர். ஊர் முழுக்க நக்கல். "உது காகம் கலைக்கவோ?" எண்டும் கேட்டவை. மனுசன் தன்ரபாட்டில பூட்டிக்கொண்டே இருந்தார்.

வெள்ளி கொழும்பில இருந்து பிளேன் பரிசோதிக்கிற ஒரு மிஸ் வந்து பாத்துக் கையெழுத்து வைக்கவேணும். வைச்சா, ஞாயிறு ஊருக்கு முன்னால பறந்து காட்டிப்போட்டுப் புதன் கனடா போறது. இதுதான் அத்தான்ர திட்டம்.

அவாவை ஏத்த கிளிநொச்சி ஸ்ரேசனுக்கு வெளிக்கிடேக்கை அத்தான் சொன்னார். "தம்பி, பிளேன் மூக்கில இருக்கிற காத்தாடி இதழின்ர சரிவைத் தரையில வைச்சுத்தான் மாத்தலாம். நான் அளந்து வைச்சிருக்கிறன். நீ அதின்ர ஆறு நட்டை மட்டும் இறுக்கு. வேற ஒண்டிலையும் கை வைக்காத!"

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. எழும்பேக்கை ஒரு சரிவு, ஓடேக்கை இன்னொரு சரிவு வேணுமெண்டா, வானத்தில இருந்து இறங்கி வந்தோ மாத்திறது? இதைக் கண்டுபிடிச்சவனுக்கு மூளை எங்க? லான்ட்மாஸ்ரருக்கே கியர் இருக்கு!

பெற்றோல் இல்லாத காலத்தில மோட்டச்சைக்கிளை மண்ணெண்ணெயில ஓட்டின ஆக்கள் நாங்கள். வாங்கின சாமானை வாங்கின மாதிரியே வைச்சிருக்கிறவனை இஞ்ச ஒருத்தரும் மெக்கானிக் எண்டு மதிக்கமாட்டினம்.

காத்தாடி இதழ் ரெண்டும் பூட்டியிருக்கிற நடுக்குத்தியில ரெண்டு ஓட்டை. ஒரு பெயரிங். ஒரு லான்ட்மாஸ்ரர் கிளச் கேபிள். சீற்றுக்குக் கீழ ஒரு லீவர். ரெண்டு மணித்தியாலத்தில முடிச்சன். ஆறு நட்டையும் இறுக்கினன், அது வேற கதை.

மிஸ் வந்தா. செட்டை, வால், எஞ்சின் எல்லாம் தட்டித் தடவிப் பாத்தா. பேப்பரில சரி, சரி எண்டு போட்டுக்கொண்டே போனா. "நல்ல வேலை" எண்டும் சொன்னா. அத்தான்ர முகத்தை அப்பிடிச் சந்தோசமா நான் கண்டதில்லை.

கடைசிப் பக்கம்.

"காத்தாடிச் சரிவு தரையில மட்டும்தானே மாத்தலாம்?"

"ஓம் மிஸ்" எண்டார் அத்தான்.

வாயைப் பொத்திக்கொண்டு நிண்டிருக்கலாம். நிப்பனோ?

"இல்லை மிஸ்! பறக்கேக்கையும் மாத்தலாம்!" எண்டு லீவரை இழுத்துக் காட்டினன். இதழ் ரெண்டும் வடிவாத் திரும்பிச்சுது.

அவான்ர பேனை நிண்டிட்டுது. "ஆர் செய்தது?"

"நான்தான் மிஸ்!" பரிசு தரப்போறா எண்ட நினைப்பு எனக்கு.

"இந்த வகைச் சின்னப் பிளேனுக்கு இதழ் ஒண்டில் அசையக்கூடாது, இல்லாட்டித் தரையில மட்டும்தான் மாத்தலாம். பறக்கேக்கை மாத்தினா இது வேற வகை. வேற பரிசோதனை. ஓட்டிறவருக்கும் வேற லைசன்ஸ்."

"உது அநியாயம் மிஸ்! திறமாக்கினதுக்குத் தண்டனையோ?"

"சரி, மேல வைச்சு இந்தக் கேபிள் அறுந்தா என்ன செய்வீங்கள்?"

"நாங்கள் வழக்கமா வரம்போரம் நிப்பாட்டிப்போட்டு மாத்திறனாங்கள் மிஸ்."

அத்தான் கண்ணை மூடிட்டார்.

"கழட்டிறன் மிஸ், பத்து நிமிசம்!" எண்டு பாய்ஞ்சு விழுந்து எல்லாத்தையும் கழட்டினன். அவா குனிஞ்சு நடுக்குத்தியை விரலாலை தடவினா.

"இந்த ஓட்டை?"

"வெல்டிங்கில அடைக்கிறன் மிஸ்."

ஃபைலை மூடிட்டா. "ஓட்டை போட்ட குத்தியோட இது பறக்காது. புதுசு பூட்டிப்போட்டுக் கூப்பிடுங்கோ." புதுசு கனடாவில இருந்து வர மூண்டு மாசமாகும்.

அத்தானோட வந்திருந்த அக்கா வீட்டுக் குசினிக்குள்ள இருந்து கத்தினா: "டேய், உன்னை நட்டு இறுக்கத்தானேடா விட்டது!"

அத்தான் நான் கழட்டிப் போட்ட சாமானுகளை ஒவ்வொண்டாப் பொறுக்கி எடுத்தார். அடிச்சிருந்தாலும் பரவாயில்லை. வெக்கத்தில ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கேல்லை.

ஞாயிறு குடையும் பிள்ளையளுமாச் சனம் திரண்டு வந்தது. விளக்கம் சொல்லுற வேலை எனக்கு.

புதன்கிழமை அத்தான் பறந்தார்தான். கட்டுநாயக்கா எயார்போட்டில இருந்து, யன்னல் பக்கமும் இல்லாத ஒரு நடுச் சீற்றில.