முயல் நாற்ற அகற்றல் குழு

அரசு ஊழியர்கள் சோர்வடைகிறார்கள் என்ற செய்தி எப்படியோ தலைமை அலுவலகத்தை எட்டிவிட்டது. இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்க ஒரு மன அமைதிப் பயிற்சியாளரைக் கூப்பிட்டார்கள். அவர் மெதுவாகப் பேசினார். பேச்சுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டார். பெரிய பெரிய நிறுவனங்களில் எல்லாம் ஊழியர்கள் ஒரு சின்னப் பிராணியைத் தடவிக்கொண்டேதான் வேலை பார்க்கிறார்கள் என்றும், தடவத் தடவ மன அழுத்தம் விரல் வழியாக இறங்கிவிடும் என்றும் சொன்னார். இறங்கி எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் பெயர்மாற்றப் பிரிவு ஒரு மின்விசிறி கேட்டிருந்தது. முயல் வந்தது.

வீடு வாங்கியவர்களும், அப்பா காலமாகி வீடு கைக்கு வந்தவர்களும், வரி அட்டையிலும் குடிநீர் அட்டையிலும் பெயரை மாற்றிக்கொள்ள எங்களிடம்தான் வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட முக்கியமான பிரிவுக்கு எந்தப் பிராணியை அனுப்புவது என்று மேலிடத்தில் தீர ஆலோசித்திருந்தார்கள். நாய் குரைக்கும். பூனை கோப்பின் மேல் படுத்துக்கொள்ளும். மீனைத் தடவ முடியாது. முயலுக்குக் காது நீளம், வாய் திறக்காது. இந்த இரண்டு தகுதியும் ஒருங்கே அமைந்த எவரும் அதுவரை எங்கள் துறையில் நியமிக்கப்பட்டதில்லை.

ஆணையில் அதன் பதவி 'தற்காலிக நலவாழ்வுத் துணைப் பிராணி' என்று இருந்தது. அவ்வளவையும் சொல்லிக் கூப்பிட்டால் கீரை வாடிவிடும் என்பதால் நாங்கள் 'தற்காலிகம்' என்று மட்டும் கூப்பிட்டோம். வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் சாம்பல் நிறம், யாரைப் பார்த்தாலும் மூக்கை ஆட்டும். மேலாளர் அறையில் கம்பளம் விரித்திருந்ததால் கூண்டை முன்மேசைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். முன்மேசை எழுத்தர் ஒரு அம்மா. எங்களில் வயதில் மூத்தவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. மேலாளர் வந்ததும் தடவுவார். பிறகு பதவி வரிசைப்படி நாங்கள் தடவுவோம். கீரையும் கேரட்டும் வேளை தவறாமல் வந்தன, ஏனென்றால் ஆணையில் 'உணவு' என்று ஒரு வரி இருந்தது. உணவு உள்ளே போனால் பிறகு என்ன நடக்கும் என்பதைப் பற்றி ஆணையில் எதுவும் இல்லை.

கூண்டின் அடியில் ஒரு தகரத் தட்டு உண்டு. அது நிறைந்தது. பிறகு நாறத் தொடங்கியது. சாதாரண நாற்றம் இல்லை. உள்ளே வந்தவுடன் கண்ணில் நீர் வரும் நாற்றம். ஜன்னலைத் திறக்கலாம் என்றால் அதை மறைத்துக்கொண்டு ஒரு இரும்பு அலமாரி பல காலமாக நின்றிருந்தது.

"சார், தட்டை நான் கழுவிட்டு வந்துடறேன். ஒரு நிமிஷ வேலை," என்றார் அக்கா.

தலைமை எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். எதற்கெடுத்தாலும் விதி சொல்வதால் அவருக்கு விதியார் என்று பெயர். "நீ கழுவினா என்னாகும் தெரியுமாம்மா?"

"சுத்தமாகும்."

"அது சின்ன விஷயம். கழுவறது எழுத்தர் வேலைன்னு ஒரு முன்னுதாரணம் ஆயிடும். உனக்கப்புறம் இந்த சீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் கழுவியாகணும். பின்னால வர்ற தலைமுறைக்கு நீ துரோகம் பண்ணலாமா?"

"அப்ப துப்புரவு ஆளுங்ககிட்ட சொல்லலாமே."

"சொல்லியாச்சு. அவங்க எல்லை தரையோட முடியுதாம். கூண்டு மேசை மேல இருக்கு."

"கீழே இறக்கி வச்சுட்டா?"

"தரையில கிடக்கறதை எல்லாம் சாயங்காலம் அள்ளிக் குப்பையில போடணும்னு அவங்களுக்கு உத்தரவு. முயலும் சேர்ந்து போயிடும்."

அக்கா தற்காலிகத்தைப் பார்த்தார். அது மூக்கை ஆட்டியது. கூண்டு மேசை மேலேயே இருந்தது.

நாற்றத்தை அகற்றுவதற்கு முன் நாற்றம் இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும் என மேலிடம் கருதியது. 'முயல் நாற்ற அகற்றல் குழு' அமைக்கப்பட்டது. குழுவினர் ஒரு நாள் காலையில் காரில் வந்து இறங்கினார்கள். நாற்றம் அடிக்கும் இடம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்ததால் எல்லோரும் தடிமனான முகக்கவசம் அணிந்திருந்தார்கள். கூண்டைச் சுற்றி வந்தார்கள், குனிந்து பார்த்தார்கள், மூச்சை ஆழமாக இழுத்தார்கள்.

"உங்களுக்கு ஏதாவது வருதா?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

"எனக்கு வரலை," என்றார் ஒரு உறுப்பினர்.

"எனக்கும் வரலை. ஊழியர்கள் மிகைப்படுத்தறாங்க."

"சார், அந்தக் கவசத்தைக் கொஞ்சம் கழட்டிப் பாருங்களேன்," என்றார் அக்கா.

குழுத் தலைவர் அவரை வருத்தத்தோடு பார்த்தார். "எப்படிம்மா கழட்டறது? நாத்தம் அடிக்குதே."

குழுவின் அறிக்கை தெளிவாக இருந்தது. நாற்றம் எதுவும் உணரப்படவில்லை. எனினும் அதைப் போக்க உடனடி நடவடிக்கை தேவை.

உடனடி நடவடிக்கையாக அந்தப் பழைய பயிற்சியாளரே வந்தார். இப்போது அவர் நறுமண ஆலோசகர். பேச்சின் நடுவே கண்ணை மூடுவது அப்படியே இருந்தது. சட்டை மட்டும் ஊதாவாகியிருந்தது. கையோடு ஒரு கண்ணாடிக் குடுவை கொண்டுவந்திருந்தார். அதில் தண்ணீர் ஊற்றி இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் நாள் முழுக்க ஆவி வரும்.

"இதை நாத்தம்னு சொல்லிப் பழகாதீங்க," என்றார் எங்களிடம். "அந்தச் சொல்தான் மூக்கைக் குத்துது. இயற்கை மணம்னு சொல்லிப் பாருங்க."

நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொல்லிப் பார்த்தோம். வாயைத் திறந்ததால் நாற்றம் தொண்டை வரை போயிற்று.

குடுவை லாவெண்டரை ஊதத் தொடங்கியது. அதுவரை எங்கள் பிரிவில் ஒரு நாற்றம்தான் இருந்தது. அன்று முதல் இரண்டாயிற்று. இரண்டும் ஒன்றோடொன்று கலக்க மறுத்து, ஒன்று மாற்றி ஒன்று வந்தது. வாசலில் 'இயற்கை மணச் சூழல்' என்று பலகை மாட்டினார்கள். பக்கத்துப் பிரிவுகளுக்குப் பொறாமை வந்துவிட்டது. கணக்குப் பிரிவில் பட்டப்பகலில் மேசைக்கு மேசை வாசனை மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ஒருவர் வந்து முயல் கூண்டோடு படம் எடுத்துக்கொண்டு, மூச்சை விடாமல் சிரித்துவிட்டு ஓடினார்.

அக்காவின் வீட்டிலும் பிரச்சினை முளைத்தது. அவருடைய வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர். நாள் முழுக்க டீசல் புகையில் இருப்பவர், எதற்கும் மூக்கைச் சுளிக்காதவர்.

"நீ ஆபீசுக்குத்தான் போய்ட்டு வர்றியா?" என்றார் ஒரு மாலை.

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்லை. கைப்பையை மட்டும் வெளியவே வச்சுட்டு வா."

மறுநாள் தற்காலிகம் தும்மியது. அதற்கடுத்த நாள் கேரட்டைத் தொடவில்லை. மூலையில் ஒடுங்கி, கண்ணில் பீளை கட்டி உட்கார்ந்திருந்தது. யாராவது தடவக் கையை நீட்டினால் மூக்கைக்கூட ஆட்டவில்லை. விதியார் வந்து பார்த்துவிட்டு, தற்காலிகப் பணியில் இருப்பவருக்கு மருத்துவ விடுப்பு கிடையாதே என்று கவலைப்பட்டார்.

மதிய இடைவேளையில் அக்கா யாரிடமும் சொல்லாமல் முயலை ஒரு சாப்பாட்டுக் கூடையில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனார்.

மருத்துவர் ஒரு இளம் பெண். முயலின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பிறகு அக்காவின் தோளருகே லேசாக முகர்ந்தார்.

"என்னம்மா, ஏதாவது வாசனைப் புகை போடறீங்களா?"

"லாவெண்டர். நாத்தத்துக்கு."

"முயல் எங்கம்மா நாறுது? அது பாதி நாள் தன்னைத்தானே நக்கிச் சுத்தம் பண்ணிட்டுத்தான் இருக்கும். நாறறது அது மூத்திரம் போற தட்டு. கடைசியா எப்ப மாத்தினீங்க?"

அக்காவுக்குப் பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது. "அதுக்கு இன்னும் அனுமதி வரலை, டாக்டர்."

மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "தட்டைத் தினமும் கொட்டுங்க. தண்ணியில கொஞ்சம் வினிகர் கலந்து கழுவி, நல்லா அலசி, வெயில்ல காய வைங்க. அடியில காகிதம் போட்டு மேல காய்ஞ்ச புல்லைப் போடுங்க. ஜன்னலைத் திறங்க. அந்தப் புகையை முதல்ல நிறுத்துங்க. முயலோட நுரையீரல் எவ்வளவு சின்னது தெரியுமா? இன்னும் கொஞ்ச நாள் விட்டா தாங்காது."

திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா கூடைக்குள் கையை விட்டபடியே வந்தார். உள்ளே சின்னதாக ஒரு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பின்னால் வரும் தலைமுறையைப் பற்றி அவர் அதற்கப்புறம் யோசிக்கவே இல்லை.

மறுநாள் அலுவலகம் திறக்கும் முன்பே வந்துவிட்டார். வீட்டுக்காரரும் கூட வந்தார். இருவரும் சேர்ந்து அலமாரியை நகர்த்தினார்கள். ஜன்னல் முனகிக்கொண்டே திறந்தது. தட்டில் கெட்டிப்பட்டிருந்ததை வீட்டுக்காரர் தேங்காய் நாரால் சுரண்டினார். பஸ்ஸின் அடிப்பாகத்தில்கூட இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். வினிகர் தண்ணீர், வெயில், காகிதம், புல். குடுவையின் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள்.

நாங்கள் வந்து கதவருகே நின்றோம். கண்ணில் நீர் வரவில்லை. எதையோ தொலைத்துவிட்டது போல இருந்தது.

நறுமணத் திட்டம் வெற்றி என்று குழு அறிக்கை அனுப்பியது. தற்காலிகம் சில நாளில் தேறி, கேரட்டைக் கடகடவென்று கடித்தது. எங்களுக்கும் உயிர் வந்தது. நாற்காலியில் சாய்ந்து உட்கார முடிந்தது. தேநீரை ஆற அமரக் குடிக்க முடிந்தது. செய்தித்தாளைக் கடைசிப் பக்கம் வரை படிக்க முடிந்தது. மனுக்களை முன்போல நிதானமாகப் புரட்டி, உங்கள் அப்பாவின் பெயரில் ஒரு துணைக்கால் விடுபட்டிருக்கிறதே என்று கேட்கவும் முடிந்தது.

இப்படி எல்லோரும் நிம்மதியாக இருந்தபோதுதான் பொதுமக்கள் கோபத்தோடு வந்தார்கள். வீட்டுத் தரகர் ஒருவர் முன்னால் நின்றார். தினமும் யாருடைய மனுவையாவது தூக்கிக்கொண்டு வருபவர்.

"என்ன மேடம் ஆச்சு இந்த ஆபீசுக்கு?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு? நாத்தமே இல்லை பாருங்க," என்றார் அக்கா.

"அதைத்தான் கேட்கறேன். நாத்தம் இருந்த வரைக்கும் காலையில குடுத்த பேப்பர் மத்தியானத்துக்குள்ள கையெழுத்தாகி வந்துடும். எந்த சாரும் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்ப என்னடான்னா, செத்துப்போன மனுஷன் நேர்ல வரணும்ங்கறாரு அந்த சார்."

விதியார் தலையைத் தூக்காமல், "வர முடியலைன்னா அதுக்குக் காரணம் எழுதிக் குடுக்கணும்னுதான் சொன்னேன்," என்றார்.

பின்னால் நின்றவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பது அவர்களுக்கு ஒரு சிரமமே இல்லையாம். பழைய நாற்றத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதுமாம்.

மேலாளரும் அதே நினைப்பில்தான் இருந்தார். எங்கள் பிரிவின் வேகத்தைப் பார்த்து மேலிடம் அவருக்கு ஒரு விருது தருவதாக இருந்தது. அவர் அக்காவை உள்ளே அழைத்தார்.

"உரிய அனுமதி இல்லாம நாத்தத்தை அகற்றியிருக்கீங்க. இதனால பொதுமக்களுக்கு இடையூறு."

"முயல் செத்துப்போயிருக்கும் சார்."

"அது எனக்கும் வருத்தம்தான். ஒரு வாரத்துக்குத் தட்டைத் தொடாம இருங்களேன். விருது விழா முடியட்டும்."

அக்கா மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். வீட்டுக் கடன் இருந்தது; பிள்ளை படித்துக்கொண்டிருந்தாள். "என்னை வேற ஊருக்கு மாத்திடுங்க சார்," என்றார் கடைசியில். "ஆனா போற நாள் வரைக்கும் தட்டைக் கழுவிட்டுத்தான் போவேன்."

மேலாளர் கெட்டவர் இல்லை. அவருக்கும் தினம் காலையில் அதைத் தடவிப் பழகிவிட்டது. இரண்டு நாள் யோசித்தார். பிறகு ஆலோசகரைக் கூப்பிட்டார்.

ஆலோசகர் இம்முறை பணிவேக நிபுணராக வந்தார். கண்ணை மூடிக்கொண்டு பிரச்சினையைக் கேட்டார். முயலும் நலமாக இருக்க வேண்டும், நாற்றமும் வேண்டும், அவ்வளவுதானே என்றார். அடுத்த வாரம் ஒரு சின்னப் பச்சை பாட்டிலோடு வந்து ஒரே ஒரு முறை அழுத்தினார். விதியார் கையில் இருந்த மனுவில் அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே ஓடினார். அசல் முயல் தட்டு நாற்றம். அதைவிட ஒரு படி மேல்.

அந்தக் காற்று முயலுக்கு ஆகாது என்பதால் தற்காலிகத்துக்குப் பணிவிடுவிப்பு ஆணை வழங்கப்பட்டு, அக்காவிடம் ஒப்படைக்கப்பட்டது. அது இப்போது அவர் வீட்டு ஜன்னலோரம் இருக்கிறது. தட்டைத் தினமும் வீட்டுக்காரர்தான் கழுவுகிறார். கைப்பை மட்டும் இன்னும் வெளியேதான் இருக்கிறது.

எங்கள் பிரிவில் காலையில் கதவைத் திறந்ததும் பச்சை பாட்டிலை ஒருமுறை அழுத்துகிறோம். மதியத்துக்குள் மேசை காலியாகிவிடுகிறது. மேலாளருக்கு விருது கிடைத்தது. மற்ற பிரிவுகளும் இந்தத் திட்டத்தை ஆராய ஒரு குழு அமைத்திருக்கின்றன. அந்தக் குழு இன்னும் ஆற அமர ஆராய்ந்துகொண்டிருக்கிறது.

பொதுமக்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. தரகர் முதலில் ஆலோசகரிடமே ஒரு பாட்டில் வாங்கி, மின்சார அலுவலகத்து வரிசையில் நின்றபடி சட்டைப்பையிலிருந்து லேசாக அழுத்திப் பார்த்தார். அவர் வேலை அன்றே முடிந்தது. இப்போது அது மூலைக்கடையில், சீப்புக்கும் சோப்புக்கும் நடுவில் தொங்குகிறது. பிள்ளையின் கல்லூரிச் சான்றிதழ் வாங்க அக்கா போனபோது ஒன்று வாங்கிக்கொண்டுதான் போனார். எனக்கு ஓய்வு பெறும் நாள் நெருங்கிவிட்டது; ஓய்வூதியக் கோப்பு எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது. நானும் நேற்று ஒன்று வாங்கினேன். பெரிய பாட்டில்.